ஏழு மணிக்கு எரிந்த லாம்பு

புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு,

உங்களுக்குத் தந்திருக்கும் பெர்மிட் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். அழகாக அச்சடித்திருக்கிறார்கள். கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சரி போடச் சின்னப் பெட்டி வைத்து, அடியில் கையெழுத்துக்குக் கோடும் இழுத்திருக்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த நாட்களில் எங்களுக்கு இருந்தது பள்ளிக்கூடக் கொப்பியில் கிழித்த அரைத் தாள்தான். அதற்குத் துண்டு என்று பெயர். கிணற்றுக்குள்ளோ எண்ணெய்த் தாங்கிக்குள்ளோ ஆள் இறங்குவதென்றால் வேலையை மேற்பார்க்கிற ஓவசியர் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். ஆபத்தில்லை என்று அவர் துண்டு எழுதிக் கையெழுத்து வைத்த பிறகுதான் வேலை தொடங்கலாம்.

இந்த மாதத்தோடு எனக்கு ஓய்வு. போகிறதுக்கு முன்னம் ஏதாவது எழுதித் தாரும் என்று கேட்டார்கள். இத்தனை வருடத்தில் எத்தனை துண்டு எழுதினேன் என்று எனக்குத் தெரியாது. அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்தத் துண்டில் நான் எழுதிய ஒவ்வொரு சொல்லும் உண்மை. எல்லாவற்றையும் என் கண்ணால் பார்த்துத்தான் எழுதினேன். அப்படியிருந்தும் ஓர் இளந்தாரிப் பிள்ளை அநியாயமாகச் சாகப் பார்த்தான். உண்மையை மட்டும் எழுதிய ஒரு துண்டு எப்படி ஓர் ஆளைக் கொல்லப் போகும் என்பது எனக்கு அந்த நாளில் பெரிய புதினமாக இருந்தது. உங்களுக்கும் அது புதினமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

என்னை இந்த வேலைக்குப் பழக்கியவர் ஓர் எஞ்சினியர். பெயர் சொல்லப் போவதில்லை, சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அதிகம் கதைக்க மாட்டார், ஏசவும் மாட்டார். நான் சேர்ந்த புதிதில் ஊர்காவற்றுறை இறங்குதுறைப் பக்கம் ஓர் எண்ணெய்த் தாங்கியைக் கழுவ ஆட்கள் இறங்க இருந்தார்கள். எண்ணெய் வருகிற குழாயைப் பூட்டியாயிற்றா என்று கேட்டார்.

"பூட்டியிருக்கு சேர்."

"பார்த்தனீரோ, கேட்டனீரோ?"

"கேட்டனான் சேர்."

தானே நடந்து போய்க் குழாயின் திருகில் கையை வைத்தார். அது இன்னும் அரைச் சுற்றுச் சுற்றியது. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்றையிலிருந்து எனக்கு ஒரு கர்வம் வந்துவிட்டது. மற்ற ஓவசியர்மார் கேட்டு எழுதுவார்கள், நான் பார்த்துத்தான் எழுதுவேன் என்கிற கர்வம். நல்ல கர்வம்தான். ஆனால் அது என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள்.

அறுபதுகளின் நடுப்பகுதி. சரவணைக் கிராமத்தில் ஒரு பொதுக் கிணற்றைப் பெருப்பிக்கும் வேலை எங்களிடம் வந்தது. தீவுப் பகுதிக் கிணறுகளின் குணம் உங்களுக்குத் தெரியும். ஆழமாகத் தோண்டினால் உவர்தான் வரும். ஆகவே கீழே போகாமல் பக்கவாட்டில் பாறைக்கு வெடி வைத்து அகலப்படுத்துவோம். இருபது அடிக்குக் கொஞ்சம் கூடுதலான ஆழம். சனிக்கிழமை வைத்த கடைசி வெடியில் அடிப்பக்கத்துச் சுண்ணக்கல் பிளந்து, ஓர் ஆள் குனிந்து நுழையக்கூடிய பொந்து ஒன்று திறந்துகொண்டது. மேலேயிருந்து ஒரு கல்லை அதற்குள் எறிந்தால் எங்கேயோ தூரத்தில் தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. கிணற்றின் அடியில் ஊறிய தண்ணீரை வாளியில் அள்ளிக் குடித்துப் பார்த்தோம். நல்ல தண்ணீர். பங்குனி வெயில் தொடங்கியிருந்தது. ஊரில் பாதிப் பேர் குடத்தோடு ஒரு கட்டை, அதாவது ஒரு மைல் தூரம் நடந்துகொண்டிருந்த காலம். அந்தப் பொந்தைப் பார்த்துவிட்டுப் போன சனங்களின் முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

திங்கட்கிழமை செய்ய வேண்டியது, உள்ளே உடைந்து கிடந்த கல்லை அள்ளி மேலே எடுப்பது. நாரந்தனையிலிருந்து சைக்கிளில் போய் ஏழு மணிக்குச் சற்று முன்பாகவே சேர்ந்துவிட்டேன். வேலையைக் குத்தகைக்கு எடுத்த கொந்தராத்துக்காரர் எனக்கு முதலே வந்து நின்றார். நல்ல மனிதர். ஆட்களுக்குச் சாப்பாடு கொடுக்காமல் தான் சாப்பிட மாட்டார். ஆனால் பஞ்சாங்கத்தைக் கேட்காமல் பல்லும் விளக்க மாட்டார்.

"ஓவசியர், ஏழரைக்கு ராகு காலம் தொடங்குது. அதுக்கு முதல் துண்டிலை கையெழுத்தை வைச்சுத் தாங்கோ. ஆக்கள் ஒன்பது மணிக்குப் பிறகு இறங்கட்டும்."

இதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. எங்கள் வீட்டிலும் ராகு காலத்தில் ஒரு காரியமும் தொடங்க மாட்டார்கள். துண்டு நல்ல நேரத்தில், இறக்கம் நல்ல நேரத்தில், இடையில் ஒன்றரை மணித்தியாலம் தேத்தண்ணி குடிக்கலாம். எல்லாருக்கும் வசதி.

பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தேன். வெடிக்காமல் போன வெடி கிடக்கிறதா என்று சனிக்கிழமையே எண்ணி முடித்திருந்தோம். கயிற்றை நானே இழுத்துப் பார்த்தேன். கப்பியைச் சுற்றிப் பார்த்தேன். அரிக்கன் லாம்பைக் கொளுத்தி, கயிற்றில் கட்டி, அடி வரைக்கும் இறக்கிப் பொந்தின் வாசலில் நிறுத்தினேன். உள்ளே கெட்ட காற்று இருந்தால் சுவாலை குறுகும், அல்லது அணைந்துவிடும். சுவாலை அசையாமல் நிமிர்ந்து எரிந்தது. பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கிணற்றுக் கட்டின் மேல் கந்தையா அண்ணை குந்தியிருந்தார். கல் வேலைக்கு வருகிறவர்களில் வயது கூடியவர். கல் வேலை இல்லாத நாட்களில் கடலுக்குப் போய்விடுவார். வாயில் சுருட்டு.

"தம்பி, உந்தக் கிணறு என்ரை சுருட்டைக் குடிக்குது பாரும்" என்றார்.

பார்த்தேன். சுருட்டுப் புகை மேலே எழும்பாமல், கட்டைத் தாண்டி வளைந்து கிணற்றுக்குள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கோ கோபம் வந்தது.

"கந்தையா அண்ணை! வெடிமருந்து வேலை நடக்கிற இடத்திலை சுருட்டோ? முதல் அணையுங்கோ அதை."

அவர் சுருட்டைக் கல்லில் தேய்த்து அணைத்துக் காதில் செருகிக்கொண்டார். நான் துண்டில் "புகைத்தல் இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அப்போது ஏழு இருபது.

ஒன்பது அடித்து ஐந்து நிமிடத்தில் சிவம் இறங்கினான். அவனுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். கல்யாண எழுத்து முடிந்து, தாலி கட்டு வைகாசியில் என்று நாள் வைத்திருந்தார்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டிவிட்டவன் அவனுடைய அண்ணன் நாகேசு. தாய் தகப்பன் இல்லாத அந்தத் தம்பியைத் தூக்கி வளர்த்தவன் அவன்தான். ஓலைக் கடகத்தில் முதல் சுமை கல் மேலே வந்தது. கொட்டிவிட்டு வெறுங்கடகத்தை இறக்கினார்கள். இரண்டாவது கடகம் வரவில்லை.

"சிவம், என்ன செய்யிறாய்?" என்று நாகேசு கூப்பிட்டான்.

"அண்ணை, தலை சுத்துது..."

பிறகு மண்வெட்டி கல்லில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

எட்டிப் பார்த்தால் இரண்டு கால்கள்தான் தெரிந்தன. இடுப்புக்கு மேலே பொந்துக்குள் கிடந்தான். நாகேசு கிணற்றுக் கட்டில் காலைத் தூக்கி வைத்துவிட்டான். நான் பின்னாலிருந்து அவனுடைய இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். அவன் என்னைவிட இரண்டு மடங்கு பலசாலி. இன்னும் இரண்டு பேர் வந்து பிடித்திராவிட்டால் என்னையும் இழுத்துக்கொண்டு உள்ளே போயிருப்பான். அதற்குள் கந்தையா அண்ணை, யாரும் சொல்லாமலே, லாம்பைக் கொளுத்திக் கிணற்றுக்குள் இறக்கினார். பாதி ஆழம் போகவில்லை.

"தம்பி, லாம்பு நூந்து போச்சு!"

ஏழு மணிக்கு அடியில் நிமிர்ந்து எரிந்த அதே லாம்பு பாதியிலேயே அணைந்துவிட்டது. அந்த நேரத்தில் ஏன் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. இப்போது இறங்குகிற எவனும் சிவத்துக்குப் பக்கத்தில் விழுவான்.

"கயிற்றை இழுங்கோ" என்றேன்.

இழுத்தார்கள். கயிறு விறைத்தது, ஆள் வரவில்லை. அவனுடைய தோள் பொந்தின் மேல் விளிம்பில் மாட்டியிருந்தது. இன்னும் இழுத்தால் கை முறியும் என்று ஒருவர் சொன்னார். சுண்ணக்கல்லின் விளிம்பில் உரசிக் கயிறே அறுந்தாலும் அறும். நாகேசு என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சத் தொடங்கினான்.

"ஐயா, நான் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு போய் அவன்ரை தோளை மட்டும் விலத்திவிட்டிட்டு வாறன். ஒரு நிமிசம் ஐயா. நான் முத்துச் சிப்பிக்குச் சுழியோடினவன். ஒரு நிமிசம் எனக்கு ஒண்டும் செய்யாது."

ஓம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது, மூச்சுப் பிடிக்கக் கூடிய ஆள்தான். ஆனால் தம்பியைக் கண்ட உடனே அவன் "சிவம்" என்று கூப்பிடுவான் என்று எனக்குத் தோன்றியது. கூப்பிட்டால் மூச்சு எடுத்துத்தான் ஆக வேண்டும்.

"ஏலாது" என்றேன். "முறிஞ்சால் முறியட்டும். இழுங்கோ!"

"அவன் என்ரை தம்பியடா!"

ஆறு பேர் சேர்ந்து இழுத்தார்கள். கீழே ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த பனை மட்டையை முழங்காலில் வைத்து முறித்தால் வருகிற சத்தம். கயிறு இளகியது. சிவம் மேலே வந்தான். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. சரித்துக் கிடத்தி, துவாயால் விசிறி, நெஞ்சைத் தேய்த்தோம். மூச்சு வந்தது, பிறகு வாந்தி எடுத்தான். அவன் வாந்தி எடுத்ததைப் பார்த்து நான் அழுதேன். வெட்கமாக இல்லை, எழுதுகிறேன். தோள் எலும்பும் கையும் இரண்டு இடத்தில் முறிந்திருந்தன. காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

ஆட்கள் போன பிறகு கொந்தராத்துக்காரர் என்னிடம் வந்து மெதுவாகக் கதைத்தார்.

"ஓவசியர், துண்டிலை நேரம் போடேல்லைத்தானே? ஒன்பது மணிக்குப் பார்த்தது எண்டு போட்டுவிடுங்கோ. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

நான் பேனை மூடியைக் கழற்றிவிட்டேன். இதை மறைக்க விரும்பவில்லை. எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. ஓர் ஆள் சாகக் கிடந்த கிணற்றுக்குக் கையெழுத்து வைத்தவன் என்று பெயர் வந்தால் அடுத்த மாதம் வீட்டில்தான் இருப்பேன். பேனையைத் தாளில் வைக்க விடாமல் தடுத்தது நேர்மை என்று சொன்னால் அது பொய். ஒன்பது மணி என்று எழுதினால், ஒன்பது மணிக்கு லாம்பு எரிந்தது என்று ஆகிவிடும். ஒன்பது மணிக்கு லாம்பு எரியவில்லை. எரிந்தது என்று எழுதிவிட்டால் அது ஏன் அணைந்தது என்று பிறகு ஒருவரும் கேட்க மாட்டார்கள். நானும் கேட்க ஏலாது. எனக்கோ அதை அறியாமல் அன்றிரவு நித்திரை வராது போல் இருந்தது. மூடியைத் திரும்பப் போட்டேன்.

எஞ்சினியர் பின்னேரம் மூன்றரைக்கு வந்தார். நடந்ததைச் சொன்னேன். எப்படி அணைந்தது என்று காட்டுகிறேன் சேர் என்று லாம்பை இறக்கினேன். லாம்பு பாதியைத் தாண்டியது. அடிக்குப் போனது. பொந்தின் வாசலில் நின்று, காலையில் எரிந்த மாதிரியே நிமிர்ந்து எரிந்தது. அந்த இடத்தில் நான் ஒரு பச்சைப் பொய்யன் போல நின்றேன்.

எஞ்சினியர் லாம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"லாம்பு இறக்கினது எத்தினை மணிக்கு?"

"ஏழு மணிக்கு சேர்."

"ஆள் இறங்கினது?"

"ஒன்பது தாண்டி."

"இடையிலை என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை சேர்."

"ஒண்டும் நடக்கேல்லை எண்டதைப் பார்த்தனீரோ?"

கேட்கிறதை விட்டுப் பார்க்கப் பழகிய நான், பார்த்து முடித்த பிறகு அந்தக் கிணறு நான் பார்த்தபடியே எனக்காகக் காத்திருக்கும் என்று நினைத்திருந்தேன். ராகு காலத்தில் பிழையில்லை, தம்பிமாரே. எத்தனையோ காரணங்களுக்காக வேலை பிந்தும். மழை பெய்யும், சாமான் வராது, சாப்பாட்டு நேரம் ஆகும். அந்த நேரத்தை நான் வெறும் நேரம் என்று எண்ணியதுதான் பிழை.

"கண்டுபிடியும். கண்டுபிடிக்கும் வரைக்கும் ஒருத்தரும் இறங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அடுத்த மூன்று நாளும் விடியற்காலையிலிருந்து பொழுதுபடும் வரைக்கும் நான் அந்தக் கிணற்றுக் கட்டிலேயே இருந்தேன். கால் மணித்தியாலத்துக்கு ஒரு முறை லாம்பை இறக்குவேன், தூக்குவேன், கொப்பியில் எழுதுவேன். குடத்தோடு அந்த வழியால் போன பெண்கள் முதல் நாள் பரிதாபமாகப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் சிரித்தார்கள். "ஓவசியர் ஐயா மீன் பிடிக்கிறார் போலை" என்று ஒருத்தி சொன்னது எனக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

கொப்பியில் ஒரு விசித்திரம் தெரியத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை காலையில் லாம்பு எரிந்தது, பத்து மணிக்குக் கொஞ்சம் முந்தி அணைந்தது, பின்னேரம் மறுபடி எரிந்தது. புதன்கிழமையும் அதே மாதிரி. ஆனால் அணைந்த நேரம் முக்கால் மணித்தியாலம் அளவு பிந்தியிருந்தது. வியாழக்கிழமை இன்னும் பிந்தியது. வெயில்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் சூரியன் நாளுக்கு முக்கால் மணித்தியாலம் பிந்தி உதிப்பதில்லையே. மணிக்கூட்டில் பிழையோ என்று இன்னொருவரின் மணிக்கூட்டையும் கடன் வாங்கி வைத்துக்கொண்டேன். இரண்டும் ஒரே நேரத்தைத்தான் காட்டின.

வியாழன் மத்தியானம் கந்தையா அண்ணை தோளில் மீன் பறியோடு கடலிலிருந்து வந்தார். பக்கத்தில் குந்தி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நேரங்களை வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்கவில்லை, பாதியிலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"உது கடல் வத்துற நேரமும் பெருகிற நேரமுமெல்லோ தம்பி! உதை என்னட்டைக் கேட்டிருந்தால் கொப்பி இல்லாமலே சொல்லியிருப்பன்."

கொப்பியையும் கடல் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். கிணற்றுக்கும் கடலுக்கும் இடையில் ஒரு கட்டைக்கு மேல் தூரம். ஆனால் கீழே முழுவதும் ஓட்டை விழுந்த சுண்ணக்கல். அந்தக் கணத்தில்தான் திங்கட்கிழமைக் காலை ஞாபகம் வந்தது.

"கந்தையா அண்ணை, ஒரு சுருட்டுப் பத்துங்கோ."

"வெடிமருந்து வேலை நடக்கிற இடமெல்லோ தம்பி?" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

எனக்கு வேண்டியதுதான். இரண்டு தரம் கெஞ்சிய பிறகு பற்றவைத்தார். அப்போது கடல் பெருகிக்கொண்டிருந்தது. வாளிக்குள் சுருட்டை வைத்துக் கயிற்றில் இறக்கினோம். பொந்துக்கு முன்னால் புகை வெளிப்பக்கமாகத் தள்ளுண்டு எங்களை நோக்கி மேலே வந்தது. பொழுதுபடுகிற நேரம், கடல் நன்றாக வற்றத் தொடங்கிய பிறகு, அவரே இன்னொரு சுருட்டைப் பற்றவைத்து இறக்கினார். புகை பொந்துக்குள்ளே போனது. நாங்கள் இரண்டு பேரும் கிணற்றுக் கட்டின் மேல் குப்புறக் கிடந்து, தலையைக் கிணற்றுக்குள் நீட்டி, நன்றாக இருட்டும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கண்டதைப் போய்ச் சொன்னதும் எஞ்சினியர் அதைத் தாளில் கீறி விளக்கினார். பொந்துக்குப் பின்னால் ஒரு பெரிய குகை இருக்கிறது. மண்டபம் மாதிரி அகலம், உயரம் குறைவு, தளம் முழுவதும் தண்ணீர். கடல் பெருகும்போது அந்தத் தண்ணீர் ஒரு சாண் உயர்ந்தால் போதும். அவ்வளவு அகலமான இடத்தில் ஒரு சாண் உயர்ந்தால், அங்கே எத்தனையோ காலமாகக் கிடந்த கெட்ட காற்றும் சனிக்கிழமை வெடிப் புகையும் எங்கே போகும்? நாங்கள் உடைத்துக் கொடுத்த வாசலால்தான் வெளியே வரும். கடல் வற்றும்போது வெளியிலுள்ள நல்ல காற்று உள்ளே போகும். ஏழு மணிக்கு நான் இறக்கிய லாம்பு, கிணறு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில் எரிந்திருக்கிறது. சிவம் இறங்கியது அது மூச்சை வெளியே விட்ட நேரம். கந்தையா அண்ணை அதைத்தான் எனக்குச் சொன்னார். நான் அவருடைய சுருட்டைப் பார்த்தேன், புகை போன திசையைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சிவத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் அவன் எனக்கு அதற்கு இடம் வைக்கவில்லை. ஏன் தலை சுற்றியது என்று அறிய என்னைவிட அவசரப்பட்டான். கேட்டு முடித்துவிட்டு விரலை மடித்து நேரத்தைக் கணக்குப் பார்த்தான்.

"அப்ப ஐயா, நான் ராகு காலத்துக்கை இறங்கியிருந்தால் ஒண்டும் நடந்திராது!"

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிக்கத் தோள் நொந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சிரித்தான். கல்யாணம் வைகாசியில் நடக்கவில்லை, ஆவணிக்குத் தள்ளிப் போனது. வலது கை தோளுக்கு மேலே கடைசி வரைக்கும் எழும்பவில்லை. கல் வேலைக்கு அவன் திரும்பிப் போகவேயில்லை. அந்தக் கை என்னுடைய கணக்கில்தான் இருக்கிறது. அதை நான் வேறு யார் தலையிலும் போட்டதில்லை.

இரண்டு கிழமை கழித்து, கடல் திரும்பக் காலையில் வற்றுகிற நாட்கள் வந்தபோது, நாளும் நேரமும் பார்த்து வேலையை மறுபடி தொடங்கினோம். இந்த முறை பார்த்தது கடலின் நேரம். புதிய துண்டில் நான் இரண்டு வரி சேர்த்திருந்தேன். ஒன்று பார்த்த நேரம், மற்றது ஏற வேண்டிய நேரம். லாம்பு, வேலை முடியும் வரைக்கும் ஆட்களுக்குப் பக்கத்திலேயே எரிய வேண்டும் என்றும் எழுதினேன். காலை ஏழே முக்காலுக்கு லாம்பைப் பார்த்து, துண்டை எழுதி, கையெழுத்து வைக்க முதல் நாகேசுவிடம் வாசித்துக் காட்டினேன். முதலில் இறங்க வேண்டியவன் அவன்தான். அவன் கயிற்றுக்குக் கையை நீட்டவில்லை.

"போன முறையும் உந்தக் கையெழுத்துத்தானே ஐயா."

அவன் ஏச்சாகச் சொல்லவில்லை. கேள்வியாகத்தான் கேட்டான். நான் செருப்பைக் கழற்றினேன். கயிற்றை எடுத்து என் இடுப்பில் கட்டினேன்.

"மேலை கயிறு பிடிக்கிறது ஆர்?" என்று கேட்டேன்.

"நான்தான் பிடிக்கிறன்" என்றான் நாகேசு.

இறங்கினேன். அதற்கு முன் அத்தனை கிணறுகளுக்குத் துண்டு எழுதியிருக்கிறேன், ஒன்றின் அடியிலும் நின்றதில்லை. கணுக்கால் அளவு தண்ணீர், குளிர். பொந்தின் வாசலில் நின்றபோது என் கழுத்துக்குப் பின்னாலிருந்து காற்று மெல்லத் தவழ்ந்து பொந்துக்குள் போவதை உணர்ந்தேன். எத்தனை பயம் இருந்தாலும் அது ஓர் ஆச்சரியந்தான். நிமிர்ந்து பார்த்தேன். வட்டமாக ஒரு துண்டு வானம், அதில் நாகேசுவின் தலை. அவன் தம்பியின் கையை முறிக்கச் சொன்னவனின் கயிறு அவன் கையில் இருந்தது. விறைப்பாக, ஒரு சாண்கூடத் தளராமல் பிடித்திருந்தான். சற்று நேரத்தில் வாளி ஒன்று இறங்கி வந்தது. வாளிக்குள் துண்டும் என் பேனையும் இருந்தன.

"அங்கை நிண்டு கையெழுத்தை வையுங்கோ ஐயா" என்று மேலேயிருந்து நாகேசு சொன்னான்.

அங்கே நின்றுதான் வைத்தேன். பாறையில் தாளை வைத்து எழுதியதால் கையெழுத்துக் கோணலாக வந்தது.

நான் ஏறினேன், நாகேசுவும் இன்னொருவரும் இறங்கினார்கள். கல் கடகம் கடகமாக மேலே வந்தது. ஏற வேண்டிய நேரம் ஒன்பது மணி என்று எழுதியிருந்தேன். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கிணற்றுக் கட்டைத் தட்டிக் கூப்பிட்டேன்.

"இன்னும் ஒரு கடகம்தான் ஐயா! அதோடை வேலை முடிஞ்சுது."

லாம்பு அவர்களுக்குப் பக்கத்தில் நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. கொந்தராத்துக்காரர் என்னைப் பார்த்தார். ஒரு கடகத்துக்காக நாளைக்கு மறுபடி ஆட்களைக் கொண்டுவர வேண்டும்.

"ஏலாது. ஏறுங்கோ."

ஏறினார்கள். நாகேசு கிணற்றுக் கட்டின் மேல் இருந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, முணுமுணுத்தபடி கயிற்றை அவிழ்த்தான். லாம்பை நான் கீழேயே விட்டிருந்தேன். எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்பது தாண்டியது. எரிந்தது. ஒன்பது ஐந்துக்கும் எரிந்தது. கொந்தராத்துக்காரர் பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பினார். ஒன்பது பத்தளவில் சுவாலை குறுகியது, நீல நிறமானது, பிறகு அணைந்தது. கீழே அந்தக் கடைசிக் கடகம் இருட்டில் பாதி நிரம்பியபடி கிடந்தது.

நாகேசு துண்டை என் கையிலிருந்து வாங்கினான். நான் எழுதியதை முதலிலிருந்து கடைசி வரைக்கும் வாசித்தான். மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்தான்.

"நாளைக்கு எத்தினை மணிக்கு ஐயா இறங்கலாம்?"

கொப்பியைப் பார்த்து, கணக்குப் போட்டு, நேரத்தைச் சொல்லியிருக்கலாம். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.

"நாளைக்கு வந்து பார்த்துத்தான் சொல்லுவன்" என்றேன்.

"ஓம்" என்றான் நாகேசு. "பார்த்துச் சொல்லுங்கோ."